ஆவுடையின் ஃப்ளோரினும் என் சீரியல் செட்டும்

அக்டோபர் 14, திங்கள்

இப்படி நடக்கும் என்று நான் முன்பே சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். கேட்க ஆள் இருந்ததா? வேதியியல் துறை ஆராய்ச்சிக்கூடத்தில் கால் வைத்த அன்றைக்கே, "இங்கே கரண்ட் விஷயத்தில் பெரிய கோளாறு ஒன்று வரும்" என்று என் வாயால் சொன்னவன் நான். கல்லிடைக்குறிச்சி 'சொரிமுத்து சவுண்ட் சர்வீஸ்' முதலாளி சொன்னால் ஒரு காரணம் இருக்கும் என்று யாருக்காவது தோன்றியிருக்க வேண்டாமா? கல்யாணம், கோயில் கொடை, கட்சிக் கூட்டம் என்று நான் ஒயர் இழுக்காத கம்பம் தாமிரபரணிக்கு இந்தக் கரையிலும் இல்லை, அந்தக் கரையிலும் இல்லை. ஆனால் இங்கே எல்லாரும் படித்தவர்கள். படித்தவர்களிடம் என்னத்தைச் சொல்ல.

இன்று காலை விடுமுறை முடிந்து என் அக்கா மகள் ஆவுடைச்செல்வி கூடத்தைத் திறந்தாள். சாப்பாட்டுத் தூக்கைக் கொடுக்க நானும் கூடவே போயிருந்தேன். டீப் ஃப்ரீசர் செத்துக் கிடந்தது. மூடியைத் திறந்து கையை விட்டுப் பார்த்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எட்டு மாதம் பாடுபட்டு ஆராய்ச்சிக்காகச் செய்து வைத்த சர்க்கரை அது. கல்கண்டுத் தூள் மாதிரி இருக்கவேண்டியது, பழுப்புப் பிசினாகக் குப்பியின் அடியில் ஒட்டிக் கிடந்தது. பக்கத்தில் ஃப்ளோரின் ஏற்றுகிற திரவப் பாட்டில். அதைப் பார்த்ததும் எழுந்து, என்னையும் கூடத்து ஆட்களையும் வெளியே விரட்டிவிட்டு, கையுறையும் முகமறைப்பும் மாட்டிக்கொண்டு, காற்றை உறிஞ்சும் கண்ணாடிக் கூண்டுக்குள் அதைக் கொண்டுபோய் வைத்தாள். பிள்ளை பெறுகிற இடத்தில் நிற்பது போல் நாங்கள் வராந்தாவில் நின்றோம்.

வெளியே வந்து கையுறையைக் கழற்றினாள்.

"சூடு ஏறுனா வெடிக்கும் மாமா அது."

"அதான் வெடிக்கலயேட்டி."

அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதப்போவதில்லை.

காரணத்தை நான்தான் கண்டுபிடித்துச் சொன்னேன். சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம், நான் கிளம்புகிற நேரத்தில், டிரான்ஸ்பார்மரில் ஒரு மயில் வந்து உட்கார்ந்தது. தோகை நாலு முழம். அது றெக்கையை விரித்ததும் ஒரு பேஸ் கரண்ட் போயிருக்கும். ஃப்ரீசர் அந்த பேஸில் இருந்திருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

ஒன்றைக் குறித்து வைக்கவேண்டும். கதவைத் திறந்தபோது, பூஜைக்கு நான் கட்டின சீரியல் செட் அப்போதும் ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. வியாழன் மாலை போட்டது. என் சரக்கு அப்படி.

அக்டோபர் 15, செவ்வாய்

நான் ஏன் இந்த ஊரில் இருக்கிறேன் என்று நாளைக்கு இதைப் படிக்கிறவர்கள் கேட்கலாம். "பிள்ளை ராத்திரி தனியா வருது, நீ போய்க் கூட இரு" என்று ஆவுடையின் அம்மா கோமு அக்கா சொன்னாள், ஆவுடையின் மாடி வீட்டுக்கு வந்தேன். முழங்காலுக்கு வைத்தியமும் பார்க்கவேண்டியிருந்தது. இப்போது எல்லாரும் டி.ஜே. பாக்ஸ் கேட்பதால் எனக்குத் தொழில் படுத்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். படுக்கவில்லை. சற்று உட்கார்ந்திருக்கிறது.

ஆவுடையின் ஆராய்ச்சியை எனக்குத் தெரிந்தவரை எழுதி வைக்கிறேன். அவள் சொல்வது யாருக்கும் புரியாது. நான் சொன்னால் புரியும்.

ரத்தப் புற்றுநோய்க்கு ஒரு மருந்து. ஊசியாகப் போட்டால் வேலை செய்யும், மாத்திரையாக விழுங்கினால் செய்யாது. ஏனென்றால் குடலிலும் ஈரலிலும் ஒரு நொதி உட்கார்ந்திருக்கிறது. கல்யாண வீட்டில் சமையல்கட்டிலிருந்து பந்திக்குப் போகிற பாயசத்தை நடுவழியில் நிறுத்திக் குடித்துவிடுகிற பெரியப்பா ஒருத்தர் உண்டல்லவா? அவர்தான் நொதி. பாயசம்தான் மருந்து. பந்திக்கு வாளி வரும்போது காலி. ஆவுடை என்ன செய்கிறாள் என்றால், அந்தப் பெரியப்பாவுக்கென்று ஒரு போலிப் பாயசம் செய்கிறாள். பார்க்க அசல் மாதிரி. ஒரு சர்க்கரை வளையம், அதன் தலையில் ஒரு துண்டு. நியூக்ளியோசைடு என்று பேர். வளையத்தில் ஓர் இடத்தில் இருக்கவேண்டியதை எடுத்துவிட்டு ஃப்ளோரினை உட்கார வைக்கிறாள். பெரியப்பா ஆசையாக வாயில் போடுவார். கடிபடாது, துப்பவும் முடியாது. அவர் வாய் அடைபட்டிருக்கிற நேரத்தில் அசல் பாயசம் பந்திக்குப் போய்விடும்.

இதை நேற்று டீக்கடையில் சொன்னேன். நாலு பேர் எழுந்து நின்று கேட்டார்கள். ஆவுடையிடம் சொன்னேன். "ஏறக்குறைய சரிதான் மாமா" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

விஷயம் இதுதான். ஹைதராபாதில் ஒரு கூடம் அந்த நொதியின் மேல் இவள் பொருளைச் சோதித்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறது. நவம்பர் பதினைந்துக்குள் பொட்டலம் கிளம்பவேண்டும். விட்டால் அடுத்த முறை எப்போது என்று அவர்களுக்கே தெரியாது. இவளுடைய உதவித்தொகை டிசம்பரோடு முடிகிறது. சோதனை முடிவு இல்லாமல் ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது. அனுப்பவேண்டியதோ ஒரு சிட்டிகை. மூக்குப்பொடி போடுகிறவன் ஒரு தும்மலுக்கு எடுப்பது அதைவிட அதிகம். அதற்கு எட்டு மாதமா என்று கேட்டேன்.

"வழி கண்டுபிடிக்கத்தான் எட்டு மாசம். வழி இப்ப தெரியும். ஆனா ஒரு படி சறுக்குனாலும் முடிஞ்சுது."

"சறுக்காதுட்டி. நான் இருக்கேன்லா."

அவள் எழுந்து போய் விளக்கை அணைத்தாள்.

அக்டோபர் 16, புதன்

பேராசிரியர் திருவேங்கடம் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். ஆவுடைக்கு வழிகாட்டி. சென்னைப் பக்கத்து ஆள், மெலிந்த உடம்பு. கோபப்படமாட்டார், கேள்வி கேட்பார். அது அதைவிட மோசம்.

"மயிலாலதான் பேஸ் போச்சுன்னா, உங்க சீரியல் செட் எப்படி எரிஞ்சுது?"

"அது வேற பேஸ் சார்."

"ரெண்டும் ஒரே சுவர்ல இருக்கு."

"சுவரு ஒண்ணுதான் சார். பேஸு வேற."

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். மின்வாரியத்தில் கேட்டுவிட்டாராம். அன்றைக்குத் தடையே இல்லையாம். வாரியத்துக்காரர்கள் மயிலை எல்லாம் குறித்து வைப்பார்களா? சொல்லிப் பார்த்தேன். இனிமேல் நான் கூடத்துக்குள் வரக்கூடாது என்றார். அன்றைக்குச் சுண்டல் தின்றுவிட்டு, "லைட்டிங் பிரமாதம்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கியதும் இதே ஆள்தான்.

அக்டோபர் 18, வெள்ளி

ஜெபமணியை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கூடத்தின் உதவியாளர். ஒப்பந்த வேலை. பூட்டும் முன் ஒவ்வொரு இணைப்பையும் பார்த்துவிட்டுப் பூட்டவேண்டியது அவர் பொறுப்பாம். அதைப் பார்க்காமல் பூட்டியது அவர் தப்புதானே. என்னைக் கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் யாரும் கேட்கவில்லை.

ராத்திரி ஆவுடை சாப்பிடவில்லை. "அவரு நாலு வருசமா ஒரு சுவிட்சு மறந்ததில்ல மாமா" என்றாள். தோசை கல்லிலேயே ஒட்டிக்கொண்டது. இந்த வீட்டுக் கல் சரியில்லை.

அக்டோபர் 19, சனி

மழை. முழங்கால் வலி.

அக்டோபர் 20, ஞாயிறு

சர்ச்சில் ஆராதனை முடிந்து, வெள்ளைச் சட்டையோடு ஜெபமணி வீட்டுக்கு வந்தார். ஆவுடை கூடத்துக்குப் போயிருந்தாள். ஞாயிறு என்றும் பாராமல் முதல் படியிலிருந்து மறுபடி ஆரம்பித்திருக்கிறாள்.

டீ போட்டுக் கொடுத்தேன். குடிக்காமல் டம்ளரைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"அண்ணாச்சி, அன்னைக்குப் பூட்டுறப்ப நான் என்ன கேட்டேன்?"

"என்ன கேட்டீரு?"

"எல்லாம் சரியா இருக்கான்னு கேட்டேன். நீங்க என்ன சொன்னீய?"

ஞாபகம் இல்லை என்றேன்.

"'முப்பத்தெட்டு வருசமா கரண்டுல கெடக்கவன்வே நான், நீரு சாவியக் குடுத்துட்டு வீட்டுக்குப் போம்'னு சொன்னீய."

அப்படிச் சொல்லியிருக்கலாம். நான் அப்படிச் சொல்லக்கூடிய ஆள்தான்.

"இத சார்ட்ட சொல்ல எனக்கு ஒரு நிமிசம் ஆவாது. ஆவுடையோட மாமாவாச்சே, அவரே சொல்லுவாருன்னு இருந்தேன். சார் உங்கள விசாரிச்சு நாலு நாளாச்சு. மயிலுதான் வந்துக்கிட்டு இருக்கு."

டீயை மொத்தமாக ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்து போனார். போகும்போது டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார். இந்த மாதிரி மனிதர்களோடு சண்டை கூடப் போட முடியாது. எனக்கு வந்த எரிச்சலில் கல்லிடைக்குறிச்சிக்கே பஸ் ஏறிவிடலாமா என்று பார்த்தேன். பையைக்கூட எடுத்தேன்.

அக்டோபர் 21, திங்கள்

போய்ச் சொல்லிவிட்டேன். பிற்காலத்தவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

நடந்தது இவ்வளவுதான். பூஜைக்கு எல்லா இயந்திரத்துக்கும் சந்தனம், குங்குமம், மாலை. சரஸ்வதி படத்தைச் சுற்றிச் சீரியல் செட். என் செட்டுக்கு மூன்று இணைப்பு வேண்டும். அங்கே காலியாக இருந்தது இரண்டு. மூன்றாவது எரியாவிட்டால் சரஸ்வதிக்கு இடது பக்கம் இருட்டு. அதனால் ஒரு பிளக்கைக் கழற்றி என்னுடையதைச் சொருகினேன். அரை மணி நேரத்துக்குத்தான். அதற்குள் சுண்டல் வந்துவிட்டது. கை குலுக்கினார்கள். படம் எடுத்தார்கள். நான் மறந்தேன். பூஜைக்கு வைத்ததை மறுநாள் தொடக்கூடாது என்று கதவைப் பூட்டினார்கள். திங்கள்வரை யாரும் திறக்கவில்லை. பார்க்கப்போனால் பாதித் தப்பு காலண்டர் மேல்தான்.

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு,

"அப்ப அந்த மயில்?"

"அது வேற நாள் வந்துது சார்."

"அந்தப் பிளக்குக்கு மேல பேப்பர் ஒட்டியிருந்துச்சே. பார்க்கலையா நீங்க?"

"பேப்பர் இருந்துச்சு சார். ஆனா சந்தனமும் குங்குமமும் அப்பிக் கெடந்துச்சு. உள்ள என்ன எழுதியிருக்குன்னு தெரியவே இல்ல. தெரிஞ்சிருந்தா கை வச்சிருப்பேனா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆவுடை கதவுப் பக்கம் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

ஜெபமணி நாளையிலிருந்து வருகிறார்.

அக்டோபர் 22, செவ்வாய்

ஆவுடை பேசவில்லை.

அக்டோபர் 24, வியாழன்

பேசவில்லை. ரசத்தில் உப்பு இல்லை, அதைக்கூடச் சொல்லவில்லை. நான் வேண்டுமென்றேதான் போடாமல் விட்டேன். கேட்பாள் என்று பார்த்தேன்.

மதுரையில் இருக்கிற சிநேகிதியிடம் அந்த ஃப்ளோரின் திரவத்தைக் கடனாக வாங்கி வந்திருக்கிறாள். ஜெபமணி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. சொந்த மாமனுக்கு வீட்டுச் செய்தி வெளியாள் மூலம் வருகிறது.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்த தலையோடு கூடத்துக்குக் கிளம்பினாள். கோமு அக்கா போனில் அழுதாள். நான் அதிரசப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய்ச் சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்தேன். உள்ளேதான் போகக்கூடாது. சைக்கிள் ஸ்டாண்ட் என்ன அவர்கள் அப்பன் வீட்டுச் சொத்தா?

மத்தியானம் வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண் இரண்டும் உள்ளே போயிருந்தது. ஓர் அதிரசத்தைத் தின்று முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"பிளக்கக் கழத்துனதுகூடப் போட்டும் மாமா. ஜெபமணி அண்ணன வீட்டுக்கு அனுப்புன பொறவும் மயிலு மயிலுன்னே சொல்லிட்டு இருந்தீயளே."

"அதான் போய்ச் சொல்லிட்டேன்லா."

"அவரு வந்து கேட்ட பொறவு."

ஜெபமணி அவளிடமும் சொல்லியிருக்கிறார். டம்ளர் கழுவுகிற ஆளை நம்பக்கூடாது.

"ஃப்ளோரின் ஏறிடுச்சு" என்றாள், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. "நேத்து மிஷின்ல பாத்தேன். இன்னும் தலைத்துண்ட ஒட்டணும். அது மேல் பக்கமும் ஒட்டும், கீழ்ப் பக்கமும் ஒட்டும். ரெண்டு வகையாப் பிரிச்சு எடுக்கணும்."

"ரெண்டுல எது பெரியப்பா வாய அடைக்கும்?"

அவள் சிரித்துவிட்டாள். எனக்குத் தெரியும், சிரிப்பாள் என்று.

"தெரிஞ்சா எதுக்கு ஹைதராபாத்துக்கு அனுப்புதேன்?"

கீழ்ப் பக்கம் ஒட்டியதுதான் என்று நான் அடித்துச் சொன்னேன். எதையும் தாங்குவது அடித்தளம்தானே.

நவம்பர் 8, வெள்ளி

ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவான கண்ணாடிக் குழாயில் வெள்ளை மாவை நிரப்பி, மேலே இவள் சரக்கை ஊற்றி, கீழே சொட்டுச் சொட்டாகப் பிடிக்கிறாள். ஜன்னல் வழியே பார்த்தேன். ஜன்னல் வழியே பார்க்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. முதல் கொத்துக் குப்பிகளில் ஒரு வகை, பிறகு ஒன்றுமே இல்லாத குப்பிகள், அப்புறம் இன்னொரு வகை. இதற்கு ஒரு நாள் முழுக்க நின்றாள். ஒரு மைக் டெஸ்டிங்குக்கு அரை மணி நேரம் நிற்பதற்கே என்னிடம் இருந்த ஆட்கள் முனகுவார்கள்.

நவம்பர் 12, செவ்வாய்

இன்று நான் இல்லாவிட்டால் எல்லாம் போயிருக்கும்.

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதிலிருந்து மின்சாரம் கிடையாது என்று பேப்பரில் போட்டிருந்தான். துறையின் ஜெனரேட்டர் நான் கேட்ட நாள் முதல் ரிப்பேரில் இருக்கிறது. நான் யாரையும் கேட்கவில்லை. நேற்றே கல்லிடைக்குறிச்சிக்குப் போய், என் ஜெனரேட்டரைக் குட்டியானை வண்டியில் ஏற்றி, காலை எட்டரைக்குத் துறை வாசலில் இறக்கினேன். சத்தம் கேட்டுப் பேராசிரியரே வந்துவிட்டார். தலையில் கை வைத்துக்கொண்டார். சத்தம் வராத தூரத்தில் மரத்தடியில் வைத்து, நீள ஒயர் இழுத்துக் கொடுத்தேன்.

"ஃப்ரீசருக்குத்தானே?" என்றேன்.

"ஃப்ரீசர் மூடியே கெடந்தா சாயங்காலம் வரை தாங்கும் மாமா" என்றாள் ஆவுடை.

எனக்கு வந்ததே ஒரு எரிச்சல். இதைச் சொல்லியிருந்தால் குட்டியானை வாடகை மிச்சம். ஆனால் அவளே, "வாக்குவம் பம்புக்கு வேணும். பொருளு காய்ஞ்சுக்கிட்டு இருக்கு. நின்னா ஈரம் ஏறிடும்" என்றாள். பார்த்தீர்களா.

பேராசிரியர் தலையாட்டியதும் என்னை உள்ளே விட்டார்கள். ஒயரைச் சொருகப் போனேன். ஆவுடை என் மணிக்கட்டைப் பிடித்தாள். சுவரில் புதுப் பேப்பர் ஒட்டியிருந்தது.

"மொதல்ல அதப் படிங்க."

"தெரியும்ட்டி."

"சத்தமாப் படிங்க மாமா."

ஜெபமணி நிற்கிறார், பேராசிரியர் நிற்கிறார். மேடையில் ஆயிரம் பேருக்கு முன்னால் ஹலோ மைக் டெஸ்டிங் சொன்ன குரல் எனக்கு. அந்தக் குரலில் படித்தேன்: "ஃப்ரீசர் பிளக். கழற்றாதீர்கள். ஆவுடைச்செல்வி."

"நல்லாத் தெரியுதா எழுத்து?"

"தெரியுது."

சாயங்காலம் ஐந்துவரை ஜெனரேட்டர் ஓடியது. நடுவில் ஒரு தடவை டீசல் தீர்ந்து நின்றது. அதைப் பெரிதாக எழுதவேண்டியதில்லை. ஜெபமணி ஓடிப்போய் வாங்கிவந்தார்.

நவம்பர் 15, வெள்ளி

பொட்டலம் போய்விட்டது. இரண்டு குட்டிக் குப்பி. மேல் வகை ஒன்று, கீழ் வகை ஒன்று. தபால்காரன் அதைத் தூக்கிப் போட்ட விதத்தைப் பார்த்து நான் ஒரு சத்தம் போட்டேன். ஆவுடை என் வாயைப் பொத்தினாள்.

நவம்பர் 27, புதன்

பதில் இல்லை. ஆவுடை போனைக் கீழே வைப்பதே இல்லை. என் ஜெனரேட்டரை ஒரு கல்யாணத்துக்குக் கேட்டார்கள். ஜெனரேட்டர் மட்டும் போதுமாம், ஆள் வேண்டாமாம்.

டிசம்பர் 9, திங்கள்

வந்துவிட்டது!

நான் சொன்னபடியே. ஒரு வகை நொதியின் வாயை அடைக்கிறது. துளியூண்டு போட்டாலே பெரியப்பா கப்சிப். இன்னொரு வகை அவரை ஒன்றும் செய்யவில்லை. வாயடைப்பது மேல் பக்கம் ஒட்டியது. நான் மேல் பக்கம் என்றுதான் சொன்னேன். முன்னால் வேறு மாதிரி எழுதியிருந்தால் அது அந்த நேரத்துக் களைப்பு.

மாத்திரையாக வர இன்னும் பல வருஷம், எலி, முயல் என்று பலது இருக்கிறது, வராமலே கூடப் போகலாம் என்றாள் ஆவுடை. டீக்கடையில் நான் அதைச் சொல்லவில்லை. அவ்வளவு விவரம் அவர்களுக்கு எதற்கு.

பேராசிரியர் இனிப்பு கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். "அடுத்த பூஜைக்கும் நீங்கதான் லைட்டிங். ஆனா ஜெனரேட்டரோட வாங்க" என்றார். ஜெபமணி விழுந்து விழுந்து சிரித்தார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது ஆவுடை பையிலிருந்து ஒரு பேப்பரை எடுத்தாள். ஃப்ரீசர் பிளக்குக்கு மேல் ஒட்டியிருந்த பழைய பேப்பர். அவள் பெயர் மேல் காய்ந்த சந்தனம், அதன் மேல் குங்குமம்.

"இது தூக்கிப் போட மனசு வரல மாமா. ஒண்ணே ஒண்ணு கேக்கேன். இந்தச் சந்தனத்த வச்சது யாரு?"

பஸ் வந்தது. ஏறிக்கொண்டோம். நான் சில்லறை தேடினேன்.

டிசம்பர் 10, செவ்வாய்

மேலே எழுதியதெல்லாம் சத்தியம். மயிலைக்கூட விட்டுவிடுகிறேன். ஒரே ஒரு இடம் மட்டும் நானாகச் சேர்த்தது.

எழுத்து தெரியவில்லை என்றேன் அல்லவா? தெரிந்தது. நான் பார்த்தபோது அந்தப் பேப்பரில் சந்தனமே இல்லை. பெரிய எழுத்து, தமிழ் எழுத்து, ஆவுடையின் கையெழுத்து. பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன் அவள் கையைப் பிடித்து மணலில் 'ஆ' போடவைத்தவன் நான். அதன் சுழி எனக்குத் தெரியாதா? 'கழற்றாதீர்கள்' என்று முழுதாகப் படித்தேன். படித்துவிட்டுச் சிரித்தேன். என் கடையில் ஒவ்வொரு பெட்டியிலும் மண்டையோடு போட்டு 'அபாயம், தொடாதே' என்று நானே எழுதி ஒட்டியிருக்கிறேன். ஒன்றில்கூட அபாயம் கிடையாது. பயல்கள் கை வைக்கக்கூடாது என்பதற்காக ஒட்டினது. இவளும் என் மருமகள்தானே, அப்படித்தான் ஒட்டியிருப்பாள் என்று நினைத்தேன்.

சரஸ்வதி பூஜையாயிற்றே, எழுதின காகிதத்தை வெறுமனே விடக்கூடாது என்று, அவள் பெயருக்கு மேல் சந்தனம் வைத்தேன். சந்தனத்துக்கு மேல் குங்குமம் வைத்தேன். இரண்டு விரலாலும் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் பிளக்கைக் கழற்றினேன்.